இரண்டாம் தொட்டி

கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு மல்லாந்து படுத்திருந்தபோது நெல் காயவைக்கும் கொட்டகை வைத்திருக்கும் அந்த அம்மாவிடமிருந்து போன் வந்தது. இடது கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். மூன்று சீசா மருந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மூடி நிறம். சீசா மாறிவிடுமோ என்ற கவலையிலேயே கண் இன்னும் கலங்கியது. இந்தக் கவலையின் நடுவில்தான் அவர் சொன்னார்:

"சார், ஒரு சந்தோஷமான தொந்தரவு."

"தொந்தரவுல சந்தோஷம் எங்கம்மா இருக்கு?"

"இருக்கு சார். நம்ம ரெண்டாம் தொட்டி பிரமாதமா ஓடுது. மத்தது ஒரு தடவை காயறதுக்குள்ள அது ரெண்டு தடவை காயுது. எனக்கு ரெண்டாம் தொட்டிதான் வேணும்னு ஜனங்க சண்டை போடுறாங்க. மத்த அஞ்சையும் அதே மாதிரி ஆக்கிக் கொடுத்துட்டுப் போங்களேன்."

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஆறு தொட்டிக்கும் ஒரே உமி உலை, ஒரே ஊதுகாற்று. ஆறில் ஒன்று மட்டும் முந்திக்கொண்டு ஓடினால், மற்ற ஐந்தும் சரியாக இருக்கின்றன, அந்த ஒன்றில் ஏதோ கோளாறு என்றுதான் என் புத்திக்குப் படும். ஐம்பது பேர் வகுப்பில் ஒருவன் மட்டும் கால் மணி நேரத்தில் பரீட்சை எழுதி முடித்தால் நான் அவன் மேசைக்குத்தான் முதலில் போவேன்.

இந்த அம்மாவும் நானும் தஞ்சாவூரில் ஒரு பாலிடெக்னிக்கில் ஒரே ஆய்வகத்தில் வேலை பார்த்தவர்கள். நான் மைக்ரோபிராசசர் பாடம் எடுத்தேன். அவர் ஆய்வகத்தில் பயிற்சி கொடுத்தார். லுத்தரன் கிறிஸ்தவக் குடும்பம். ஓய்வு பெற்ற பிறகு பாபநாசத்துக்குப் பக்கத்தில் அவருடைய அப்பா விட்டுப்போன நிலத்தோரம் ஒரு கொட்டகை போட்டு, விதை நெல் காயவைத்துக் கொடுக்கும் தொழில் ஆரம்பித்தார். சூட்டைக் கண்காணிக்கும் பலகையை நாங்கள் இருவரும்தான் செய்தோம். பாலிடெக்னிக்கில் கழித்துக்கட்டி ஏலம் விட்ட பழைய எட்டு பிட் சிப், அசெம்ப்ளியில் எழுதிய ஒரு சின்ன நிரல். இன்றைய பிள்ளைகள் பார்த்தால் சிரிப்பார்கள். ஆனால் அது நின்றதில்லை.

விதை நெல் சாப்பாட்டு நெல் போல இல்லை. சாப்பாட்டு நெல்லை எவ்வளவு சூட்டிலும் காய வைக்கலாம். அரிசி கொஞ்சம் நொறுங்கும், அவ்வளவுதான். விதை நெல் நாற்பத்து மூன்று டிகிரியைத் தாண்டினால் உள்ளே இருக்கும் கரு செத்துவிடும். செத்தது வெளியே தெரியாது. அதே பொன் நிறம், அதே எடை, பல்லில் வைத்துக் கடித்தால் அதே சத்தம். முளைக்கப் போட்டால்தான் தெரியும். அதனால்தான் அந்தப் பலகை. தொட்டியின் சூடு அளவைத் தாண்டினால் அந்தத் தொட்டிக்குப் போகும் காற்றுக் கதவை அது மூட வேண்டும்.

முதலில் நான்கு தொட்டிகள். இந்த வருஷம் சித்திரைக் கடைசியில் இரண்டு கூட்டினார். அதற்காக நினைவகச் சிப்பில் இருந்த சூட்டு வரம்பு அட்டவணையைப் புதிதாக ஏற்ற வேண்டியிருந்தது. அப்போதுதான் எனக்குக் கண் ஆபரேஷன். நான் போகவில்லை. போனிலேயே சொல்லிக் கொடுத்தேன். அவருக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டேன்.

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். கோடை மழை விட்டு விட்டுப் பெய்த வருஷம் இது. அறுப்புக்கு நின்ற கோடை நெல்லெல்லாம் நனைந்துவிட்டது. சாலையின் ஒரு பாதியில் நெல்லைக் கொட்டிக் கிளறிக்கொண்டிருந்தார்கள். பாபநாசம் போவதற்குள் இருபத்தாறு குவியல் எண்ணினேன், அதில் தார்ப்பாய் இல்லாதது பதினொன்று. விதைக் கொட்டகை என்றுகூடப் பார்க்காமல் எல்லாரும் சாப்பாட்டு நெல்லையும் அங்கே கொண்டுவந்து கொட்டியது அதனால்தான்.

கொட்டகையில் தொட்டிகளைப் பார்த்துக்கொள்பவர் வயதானவர், ஒரு காலத்தில் களத்தில் நெல் அளந்தவர். இந்தப் பக்கத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலுக்கு ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். லாபம் என்பார்கள். அடுத்ததுக்கு ரெண்டு, அப்புறம் மூணு. அவர் அந்தப் பழக்கத்தைத் தொட்டிக்கும் கொண்டுவந்துவிட்டார். முதல் தொட்டியில் எண் கிடையாது. மஞ்சள் பெயின்டில் லாபம் என்று எழுதியிருக்கும். அடுத்ததில் 2, அதற்கடுத்ததில் 3, கடைசியில் 6.

இரண்டாம் தொட்டியின் தகரத்தில் கையை வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்தேன்.

"ஏங்க, இவ்வளவு சூடா இருக்கே?"

"சூடா இருந்தாத்தான சார் காயும்?" என்றார் தொட்டிக்காரர். "ஐஸ் பொட்டியிலயா காய வெப்பாங்க?"

"கதவு மூடவே மூடாதா இதுக்கு?"

"மூடாது. தங்கமான தொட்டி. மத்ததுதான் நொடிக்கு நொடி மூடிக்கிட்டு அழிச்சாட்டியம் பண்ணும்."

அந்த அம்மா டம்ளரில் காபியோடு வந்தார். நான் காபியை வாங்கி அப்படியே கீழே வைத்துவிட்டு, பலகையைக் கழற்றி அட்டவணைச் சிப்பை எடுத்து, சிப்பை எழுதவும் படிக்கவும் வைத்திருந்த பயிற்சிப் பெட்டியில் செருகினேன்.

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். நினைவகம் என்பது ஒரு நீளமான தெரு. வரிசையாக வீடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு எண் குடியிருக்கும். ஒரு குறிப்பிட்ட வீட்டில் இருப்பதை எடு என்று சிப்புக்கு நேரடியாகச் சொல்லலாம். ஆறு தொட்டிக்கு ஆறு முகவரியை ஆறு தடவை எழுதுவது மடத்தனம். அதற்குத்தான் இன்டெக்ஸ் ரிஜிஸ்டர். எங்கள் சிப்பில் அதற்குப் பெயர் எக்ஸ். எக்ஸ் ஒரு விரல் மாதிரி. அட்டவணையின் முதல் வீட்டில் விரலை வை. விரல் காட்டும் வீட்டில் உள்ள எண்ணை எடு. முதல் தொட்டியின் சூட்டோடு ஒப்பிடு. சூடு மிஞ்சினால் கதவை மூடு. விரலை ஒரு வீடு நகர்த்து. அடுத்த தொட்டி. ஆறும் முடிந்தால் மறுபடி முதல் வீடு. நிரல் மொத்தமும் இவ்வளவுதான்.

இதில் முதல் வருஷப் பிள்ளைகள் எல்லாரும் இடறும் இடம் ஒன்று உண்டு. முகவரியைத் தொடக்கத்திலிருந்து எவ்வளவு தள்ளி என்று எண்ண வேண்டும். வகுப்பில் கேட்பேன்: தெருமுனை வீட்டுக்குப் போக முனையிலிருந்து எத்தனை வீடு தாண்டணும்? ஒன்றும் தாண்ட வேண்டாம். அதனால் முதல் வீட்டின் எண் பூஜ்யம். இரண்டாவது வீட்டுக்கு ஒன்று. மூன்றாவதுக்கு இரண்டு. இந்த அம்மா இதை என்னோடு சேர்ந்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்.

பயிற்சிப் பெட்டியின் சிவப்பு எழுத்தில் ஒவ்வொரு வீடாகப் படித்தேன். ஒற்றைக் கண்ணால்தான்.

பூஜ்யத்தில் நாற்பத்து மூன்று. சரி.

ஒன்றில் இருநூற்று ஐம்பத்தைந்து.

இரண்டில் நாற்பத்து மூன்று. மூன்றிலும் அதுதான். நான்கு, ஐந்து, ஆறு வரை அதுதான்.

கண் கலங்கலோ என்று துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். அதே. இந்த வகைச் சிப்பை அழித்தால் அது பூஜ்யமாகாது. எல்லாப் பிட்டும் ஒன்றாகி நிற்கும். எட்டு ஒன்றும் சேர்ந்தால் இருநூற்று ஐம்பத்தைந்து. அதாவது யாரும் எதுவும் எழுதாத வீட்டில், இருக்கக்கூடிய அத்தனை எண்ணிலும் பெரிய எண் உட்கார்ந்திருக்கும். இரண்டாம் தொட்டியின் முறை வரும்போது விரல் அந்த வீட்டைத்தான் காட்டும். இருநூற்று ஐம்பத்தைந்து டிகிரி வந்தால் கதவை மூடு என்று அது சொல்லும். உமி உலையின் காற்று எந்தக் காலத்தில் அந்தச் சூட்டைத் தரும்? கதவு மூடவே இல்லை.

"அம்மா, நீங்க இதை எப்படி ஏத்துனீங்க?"

"எப்படின்னா? நான் பெட்டி முன்னால உட்கார்ந்தேன். இவரு தொட்டி தொட்டியாப் போய் வாசிச்சாரு. லாபம் நாப்பத்து மூணு. ரெண்டு நாப்பத்து மூணு. மூணு நாப்பத்து மூணு..."

"லாபத்துக்கு எந்த முகவரி அடிச்சீங்க?"

"பூஜ்யம். நீங்கதானே சார் போன்ல அவ்வளவு தடவை சொன்னீங்க, முதலாவது பூஜ்யம், முதலாவது பூஜ்யம்னு."

"ரெண்டுக்கு?"

அவர் விரல் பெட்டியின் விசைகளில் இரண்டை நோக்கிப் போய், அதன் மேலேயே நின்றுவிட்டது.

லாபம் என்று காதில் விழுந்தால் எண் விழாது. எண்ணுக்கு முன்னால் உள்ள ஏதோ ஒன்றுதான் விழும். அதற்குப் பூஜ்யம் என்பது எவ்வளவு பொருத்தம். ரெண்டு என்றால் ரெண்டுதான். அவர் எழுதியவை ஆறு, தொட்டிகளும் ஆறு. எண்ணிப் பார்த்திருந்தாலும் சரியாகத்தான் வந்திருக்கும். இடையில் ஒரு வீடு காலியாகக் கிடந்தது, அவ்வளவுதான்.

"நான் எண்ணிப் பார்த்தேன் சார்," என்றார் மெதுவாக. "ஆறு இருந்துச்சு."

பிறகு அவர் முகம் மாறியது. தொட்டிக்காரரிடம் திரும்பி, "ரெண்டுல விதைன்னு காஞ்சது யாரோடது?" என்று கேட்டார்.

"எல்லாம் அரிசிக்குப் போற நெல்லும்மா. விதைன்னா நம்ம தம்பியோடது ஒண்ணுதான். நீங்கதான சீக்கிரம் முடிச்சுக் கொடுங்கன்னு அந்தத் தொட்டியை ஒதுக்கினீங்க."

தொட்டிக்காரர் தம்பி என்றது அந்த அம்மாவின் சொந்தத் தம்பியை அல்ல. அந்த மனிதரின் அப்பா இந்த அம்மாவின் அப்பாவிடம் வயல் வேலை பார்த்தவர். இவர் படித்து, வெளியூரில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு வந்து, இப்போது குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைக்கிறார். நிலம் சென்னையில் இருக்கும் ஒருவருடையது. எழுத்து எதுவும் கிடையாது, வாய்ச்சொல்தான். அவருக்காக நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் குத்தாலத்துக் காரியக்காரர் இந்த வருஷம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: குறுவை நட்டாக வேண்டும், நிலத்தைச் சும்மா போட்டால் வேறு ஆள் காத்திருக்கிறது. அந்தக் குறுவைக்கு அவர் கையில் இருந்தது இந்த விதை மட்டும்தான்.

தம்பிக்குப் போன் போட்டோம், எடுக்கவில்லை. அந்த அம்மா ஸ்கூட்டரை எடுத்தார். நான் பின்னால் உட்கார்ந்து வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வாய்க்காலில் புதுத் தண்ணீர் வந்துவிட்டிருந்தது. செம்மண் நிறத்தில், நுரையும் சருகும் பிளாஸ்டிக் பையுமாக. எல்லா வயலிலும் ஆட்கள் இருந்தார்கள். ஒரு வளைவில் அந்த அம்மா, "இன்னும் ஊற வெச்சிருக்க மாட்டான்," என்றார்.

ஊற வைத்துவிட்டார்கள். வீட்டின் பக்கவாட்டில் ஈரச் சாக்குகள் வைக்கோல் மூடிக் கிடந்தன. நான்கு சாக்கு. தம்பியின் மனைவி அவற்றின் பக்கத்தில் குந்தியிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, "வாங்கக்கா, வாங்க சார்," என்றார். "நானே போன் பண்ணணும்னு இருந்தேன். நேத்தே தண்ணிய வடிச்சு மூட்டம் போட்டாச்சு. இந்நேரம் கை வெச்சா கதகதன்னு இருக்கணும். செத்த பாம்பு மாதிரி கெடக்குது."

முளை விடும் விதை தானே சூடாகும். சாக்கின் நடுவே கையை விட்டால் காய்ச்சல்காரன் வயிற்றைத் தொட்டது போல இருக்கும். நான் கையை விட்டேன். சில்லென்று இருந்தது. லேசான புளித்த வாடை.

தம்பி வயலிலிருந்து சேற்றுக் காலோடு வந்தார். நாற்றங்காலைப் பரம்படித்துச் சமன்படுத்தி முடித்திருந்தார். "என்னக்கா, சாரையே கூட்டிட்டு வந்திருக்கீங்க? விதைப்புக்கு விசேஷமா?" என்று சிரித்தார்.

அந்த அம்மா சுற்றி வளைக்கவில்லை. "தம்பி, ரெண்டாம் தொட்டில சூடு அதிகமாப் போயிருக்கு. நான்தான் தப்பா எழுதிட்டேன். விதை செத்திருக்கும்னு நினைக்கிறோம்."

அவர் சிரிப்பு போகவில்லை. முகத்திலிருந்து இறக்க மறந்துவிட்டவர் போல நின்றார். "வரும்க்கா. குளிர்ந்த சாக்கு. நாளைக்கு வரும்."

நான் ஒரு பிடி எடுத்து ஈரச் சாக்கின் மேல் பரப்பி எண்ணினேன். நூறு எண்ணிப் பிரித்தேன். வெள்ளை முனை தெரிந்தது நான்கில். இன்னொரு சாக்கிலிருந்து இன்னொரு நூறு. ஆறு. மூன்றாவது சாக்கு, மறுபடி நான்கு. நான்காவதை எண்ண வேண்டாம் என்று அவர் மனைவி சொன்னார்.

"ரெண்டாம் தொட்டி வேணும்னு கெஞ்சி நின்னது யாரு?" என்று கணவரைப் பார்த்துக் கேட்டார். "அக்கா எனக்குன்னு ஒதுக்கிக் கொடுத்துச்சுன்னு தெரு முழுக்கச் சொன்னாரு சார். மாமியார் வீட்டுச் சீர் மாதிரி."

"சும்மா இருடி."

"இருக்கேன். இனிமே சும்மாதான் இருக்கணும்."

தம்பி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "சார், எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க. என்னதான் ஆச்சு?"

சொன்னேன். தரையில் ஆறு கல்லை வைத்து விரலை நகர்த்திக் காட்டினேன். லாபம் என்று கேட்டுப் பூஜ்யம் எழுதியதையும், ரெண்டு என்று கேட்டு இரண்டு எழுதியதையும், நடுவில் ஒரு வீடு விடுபட்டதையும் சொன்னேன். அவர் கூர்ந்து கேட்டார். வகுப்பில் இருந்திருந்தால் நல்ல மாணவன்.

"எங்கப்பா லாபம்னு ஆரம்பிச்சுத்தான் சார் அளப்பாரு. ஒரு மரக்கா தப்புனதில்ல."

"உங்கப்பா தப்பில்லை. அந்தச் சிப்புக்கு அது தெரியாது."

"சரி, விட்டுப்போன எடத்துல ஒண்ணுமே எழுதலைல்ல?"

"எழுதலை."

"அப்ப எப்படி சார் இருநூத்து அம்பத்தஞ்சு வந்துச்சு?"

"அந்தச் சிப்பு அப்படி. எழுதாத இடத்துல அதுதான் இருக்கும்."

"யாரு வெச்சது அங்க?"

"யாரும் வைக்கலை."

அவர் என்னை நம்பாதவர் போலப் பார்த்தார். நாற்பது வருஷத்தில் இந்தக் கேள்வியை ஒரு மாணவன்கூடக் கேட்டதில்லை. பதில் என்னிடம் இருந்தது. பிட், மின்னூட்டம் என்று ஒரு பலகை நிறைய எழுதியிருப்பேன். அந்தச் சாக்குகளின் பக்கத்தில், தரையில் வைத்த ஆறு கல்லையும் பொறுக்கி எடுத்துக்கொண்டேன்.

அந்த அம்மா வாசலில் நின்றபடியே போன் மேல் போன் போட்டார். அவருடைய சொந்த விதையெல்லாம் லாபம் தொட்டியில் காய்ந்து, முன்பே விற்றுப் போயிருந்தது. அரசு விதை டிப்போவில் குறுகிய நாள் ரகம் தீர்ந்துவிட்டது. சுவாமிமலைப் பக்கம் தெரிந்தவர் ஒருவரிடம் இருந்தது சம்பா விதை, நீண்ட நாள் பயிர், குறுவைக்கு உதவாது. தனியார் கடையில் நாளை வரும், நாளை மறுநாள் வரும் என்றார்கள். ஒவ்வொரு போனுக்கும் தம்பியின் மனைவி நிமிர்ந்து பார்ப்பார். அந்த அம்மா இல்லை என்று தலையை ஆட்டுவார். இவர் மறுபடி சாக்கைப் பார்ப்பார்.

மறுநாளும் போனேன். வீட்டில் இருக்க முடியவில்லை. இப்போது நூற்றுக்கு ஒன்பது. புளித்த வாடை வாசலிலேயே வந்தது. தம்பி விதையைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார்.

"இதையா விதைக்கப் போறீங்க?"

"வேற என்ன சார் இருக்கு? காரியக்காரரு வந்து பார்ப்பாரு. நாத்தங்கா வெறுமனே கெடந்தா அன்னைக்கே நிலம் போயிடும். வெதச்சிருக்குன்னாவது தெரியணும்ல?"

தண்ணீர் தெளிந்த பாத்தியில் அவர் கை வீசி விதைத்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நன்றாக விதைத்தார். ஓரங்களில் கூடக் குறையாமல், நடுவில் குவியாமல். செத்த விதைக்கும் அதே வீச்சுதான். அந்த அம்மா அன்றைக்கு வரவில்லை. கொட்டகையில் சிப்பை அழித்து, ஒவ்வொரு முகவரியாகத் தானே வாசித்துத் தானே அடித்துக்கொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது. முதல் தொட்டியில் லாபம் என்பதை அழித்துவிட்டு 1 எழுதச் சொன்னாராம். தொட்டிக்காரர் மாட்டேன் என்றுவிட்டார். "தொழிலை ஒண்ணுன்னா ஆரம்பிப்பாங்க?" என்று கேட்டாராம். அது இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

ஆனி பாதியில் போனபோது சுற்றிலும் எல்லா நாற்றங்காலும் பச்சைப் பாய் விரித்த மாதிரி இருந்தது. நல்ல நாற்றங்காலை எண்ண முடியாது. ஒரு சாண் இடத்தில்கூட எண்ண முடியாது, அவ்வளவு நெருக்கம். தம்பியுடையதில் ஒவ்வொரு நாற்றும் தனித்தனியாக நின்றது, ஒன்றுக்கு மற்றது சம்பந்தமில்லாதது போல. நடுவே தண்ணீரில் வானம் தெரிந்தது. என் புத்தி கெட்ட புத்தி. வரப்பில் நின்று ஒரு பாத்தியை எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

எண்ணிக்கொண்டிருக்கும்போதே குத்தாலத்துக் காரியக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்தார். வரப்பில் இறங்கவில்லை. வண்டியிலிருந்தபடியே போனில் இரண்டு படம் எடுத்தார்.

"என்னப்பா இது? மொட்டைத் தலையில முடி எண்ற மாதிரி இருக்கு."

"விதை சரியில்லைங்க."

"விதை சரியில்லைன்னு நீ சொல்றே. ஆளு சரியில்லைன்னு அவங்க சொல்வாங்க. நான் யாருக்குப் பதில் சொல்றது? ஆடிக்குள்ள வேற ஆளு இறங்கட்டும். நீ கோவிச்சுக்காதே."

"சரிங்க," என்றார் இவர். தொட்டி, சிப்பு, அந்த அம்மா, எதையும் சொல்லவில்லை. நான் சொல்ல வாயெடுத்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். வண்டி போய்விட்டது.

விட்ட இடத்திலிருந்து நான் அந்தப் பாத்தியை எண்ணி முடித்தேன்.

"எண்ணி முடிச்சிட்டீங்களா சார்?"

"முடிச்சிட்டேன்."

"எத்தனை?"

"முன்னூத்துப் பன்னெண்டு."

அவர் தலையை ஆட்டினார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடைப் பக்கம் நடந்தவர், திரும்பாமலே கேட்டார்:

"லாபத்துலேர்ந்து எண்ணுனீங்களா, ஒண்ணுலேர்ந்தா?"

கேலிதான். அவர் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. "ஒண்ணுலேர்ந்து," என்றேன். அவர் நான்கு வெட்டு மண் அள்ளிப் போட்டு மடையை அடைத்தார். தண்ணீர் கொஞ்சம் தயங்கி நின்று, அடுத்த வயலுக்குப் போனது.